மராமத்துக்கு ஆள் அனுப்பாதவர்கள்

ஏரித் தண்ணீரில் நடவு நடுகிறவர், ஏரிக்கரை உடைந்தால் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன ஊர்களில் இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஆயக்கட்டில் யாருக்கு எவ்வளவு நிலமோ அதற்குத் தக்கபடி ஆள் அனுப்ப வேண்டும். வரத்து வாய்க்காலைத் தூர் வாருவது, கரையில் முளைத்த முள்செடியை வெட்டுவது, மதகைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். வர முடியாதவர் கூலியைக் கொடுத்துவிடுவார். வராமலும் கொடுக்காமலும் தண்ணீரை மட்டும் பாய்ச்சிக்கொள்கிறவருக்கு ஊரில் மரியாதை இருக்காது. 1858-இல் சென்னை மாகாணத்தில் இந்த வழக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுக்கப்பட்டது. பின்னாளில் ஏரிகளை அரசுத் துறை எடுத்துக்கொண்டதும் வழக்கம் தேய்ந்தது; ஏரிகளும் தூர்ந்தன. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மறுபடி கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் காலத்து நிறுவனங்கள் வேறொரு பொது ஏரியிலிருந்து இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கின்றன. திறமூல மென்பொருள், அதாவது ஓப்பன் சோர்ஸ் என்று மென்பொருள் துறையில் வேலை செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வது, அந்த ஏரி. மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியவர்களே அனுமதி கொடுத்துவிட்ட மென்பொருள் அது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது அது ஒரு கொள்கைப் பிடிவாதமாகப் பார்க்கப்பட்டது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டபோது அது ஒரு கல்லூரி மாணவரின் பொழுதுபோக்கு. இன்றோ அதன்மேல் நிற்காத வங்கியும் இல்லை, தொலைத்தொடர்பு நிறுவனமும் இல்லை, அரசு அலுவலகமும் இல்லை. ஆனால் மராமத்துக்கு ஆள் அனுப்புகிற நிறுவனங்களை எளிதில் எண்ணிவிடலாம். இது சட்டப்படி குற்றமில்லை என்று வாதிட இடமிருக்கிறது. அறப்படி குற்றம் என்பது நம் தீர்ப்பு. அதற்கான காரணங்களைச் சொல்கிறோம்.

ஆண்ட்ராய்டு கைபேசியை எடுத்து ‘கோமுகி’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். நம் மாவட்டத்து அணையின் பெயர்தான், மூன்றே எழுத்து. கைபேசியின் நினைவில் முதலில் ‘க’ பதிகிறது, அதன் பிறகு ஓகாரக் குறி. திரையில் அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிகிறது: இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் போய் நிற்கிறது, கால் பின்னால் வருகிறது. அடுத்து ‘மு’. மகரமும் உகரக் குறியும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வடிவமாகச் சேர்கின்றன. ‘கி’யில் மேல்விலங்கு தலைக்கு மேல் வளைந்து உட்கார்கிறது. கண் இமைக்கும் முன்பே இந்த மூன்று ஏற்பாடுகளும் முடிந்துவிடுகின்றன. இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள். ஆண்ட்ராய்டில், குரோம் உலாவியில், ஃபயர்பாக்ஸில், லிப்ரே ஆஃபிஸில் எல்லாம் எழுத்துகளைக் கோத்துக் கொடுப்பது அதுதான். கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருக்கும் ஒரு மாணவி தன் தோழிக்குத் தமிழில் செய்தி அனுப்பினாலும், சென்னையில் ஒரு வங்கி தன் வாடிக்கையாளருக்குத் தமிழில் செயலி போட்டுக் கொடுத்தாலும், பெரும்பாலும் அடியில் இருப்பது இதே நிரல்.

இதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். ரெட் ஹாட் நிறுவனத்திலும் பிறகு கூகுளிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் இந்த வேலையைச் செய்தார். ஆகவே, நிறுவனங்கள் எதையுமே திருப்பிக் கொடுத்ததில்லை என்று நாம் சொல்ல மாட்டோம், அது பொய்யாகிவிடும். லினக்ஸ் கருவில் இன்று சேரும் மாற்றங்களில் பெரும்பகுதி நிறுவனச் சம்பளத்தில் இருப்பவர்கள் எழுதுவது. அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்தால் எழுத்துகளாக மாற்றித் தரும் டெசராக்டை ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் உருவாக்கி, 2005-இல் பொதுவில் வைத்தது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து கூகுள் அதற்கு ஆதரவளித்தது. பழைய தமிழ்ப் புத்தகங்களை மின்னாக்கம் செய்கிறவர்களுக்கு அது இன்றும் கை கொடுக்கிறது. லோகித் தமிழ் எழுத்துருவை ரெட் ஹாட் இலவசமாகக் கொடுத்தது. நிறுவனங்கள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சாட்சி. மனம் வைக்காதபோது என்ன நடக்கிறது என்பதுதான் நம் கவலை.

ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். உலகில் பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருள்களை ஒரு தடவை புதிதாக எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். அவை இல்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர். மென்பொருளுக்காக நிறுவனங்கள் இப்போது செலவழிப்பதைப்போல் மூன்றரை மடங்கு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் முடிவு. அதைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. இந்த மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல், நிரலாளர்களில் நூற்றுக்கு ஐந்து பேரின் உழைப்பிலிருந்து வருகிறது. கோடிக்கணக்கான ஏக்கர் பாசனத்துக்கு மடை திறக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டால் வரும் பதில் மனதைக் கலங்க வைக்கிறது. பராமரிப்பாளர்களிடம் 2024-இல் டைட்லிஃப்ட் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 60 விழுக்காட்டினர் தங்களுக்கு இந்த வேலைக்கு ஊதியமே இல்லை என்றார்கள்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. இணையத்தில் நாம் கொடுக்கும் கடவுச்சொல், அட்டை எண் ஆகியவற்றைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த பிழை அது. உலகத்தின் பெரிய பெரிய இணைய நிறுவனங்கள் அதை நம்பியிருந்தன. அந்தத் திட்டத்துக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். உலகத்தின் கஜானாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். ஓட்டை தெரிந்த பிறகு கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான், ஃபேஸ்புக் உள்ளிட்ட பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் அந்த மாதமே ஒன்றுகூடி, ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுப்பதாக லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு நிதியை ஏற்படுத்தின. நல்லதுதான். கரை உடைந்த பிறகு வந்த ஆட்களையும் நாம் வாழ்த்தவே வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பாடம் படித்திருந்தால் 2024 மார்ச் வந்திருக்காது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கித் தரும் சிறிய மென்பொருள். லினக்ஸ் ஓடும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதை ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வந்தவர் லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர், தனி ஆள். 2022-இல், வேலை மெதுவாக நடக்கிறது, புதிய பதிப்பு எப்போது வரும், முடியாவிட்டால் வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று சில பெயர்களில் இருந்து அவருக்கு விடாமல் நெருக்கடி வந்தது. தமக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாமல் செய்யும் வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று அவர் எல்லோரும் பார்க்கும்படியே பதில் எழுதினார். அந்தப் பதிலைப் படித்து, அந்த மென்பொருளால் பிழைக்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் ஒன்றாவது, ஐயா, நாங்கள் ஒரு ஆள் அனுப்புகிறோம், அவர் சம்பளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று முன்வந்திருந்தால் கதையே வேறு. முன்வந்தவர் ஜியா டான் என்ற பெயரில் இருந்த ஒருவர். ஏற்கெனவே பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்துக்கொண்டிருந்தவர், மெல்ல இணைப் பராமரிப்பாளரானார். 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் ஒரு கள்ளக் கதவை வைத்தார். உலகத்தின் சர்வர்களுக்குள் வெளியிலிருந்து நுழைய வழி செய்யும் கதவு அது. அவர் யார், எந்த நாட்டவர், தனி ஆளா கூட்டமா என்பது இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை.

பிடிபட்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்தில் உழைப்பவர். தன் சோதனைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் தோண்டிக்கொண்டே போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார். கள்ளக் கதவு பரவலாக எல்லோர் கணினிக்கும் போய்ச் சேரும் முன்பே மூடப்பட்டது. கவனியுங்கள்: நம்மைக் காப்பாற்றியவர், திறமூலத்தில் வேலை செய்வதற்காக ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள். நாம் கேட்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. சம்பளமில்லாத இடத்தில் திருடன் நுழைந்தான். சம்பளம் கொடுத்து உட்கார வைத்த இடத்திலிருந்த கண் அவனைக் கண்டுபிடித்தது.

ஏரிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைத்தான் நிறுவனங்கள் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கின்றன. ஏரித் தண்ணீர் இறைத்தால் குறையும். மென்பொருள் எத்தனை பேர் எடுத்தாலும் குறையாது. ஒரு பிரதி எடுத்தாலும் கோடிப் பிரதி எடுத்தாலும் மூலம் அப்படியே இருக்கும். குறையாத பொருளை எடுத்ததற்கு ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பதில் இதுதான்: மென்பொருள் குறைவதில்லை, அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் குறைகிறார். பயன்படுத்துவோர் பெருகப் பெருகப் பிழை அறிக்கை பெருகுகிறது, கோரிக்கை பெருகுகிறது, கோபமான கடிதம் பெருகுகிறது. பதில் சொல்ல வேண்டிய ஆள் மட்டும் ஒருவராகவே இருக்கிறார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, உடம்பு இருக்கிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருளில் பெரும் ஓட்டை தெரிந்தபோது, உலகத்து நிறுவனங்கள் எல்லாம் பதறிக்கொண்டிருக்க, அதை அடைக்க ராத்திரி பகலாக உழைத்தவர்கள் தன்னார்வலர்கள்.

அதற்கடுத்த மாதம் ஸ்வீடனில் இருக்கும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் எழுதிய கர்ல் என்ற மென்பொருள் 1998-இலிருந்து வழங்கப்படுகிறது. கைபேசி, கார், தொலைக்காட்சி என்று கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய ஐந்நூறு நிறுவனங்களில் ஒன்று எழுதிய கடிதம் அது. லாக்4ஜே ஓட்டையால் உங்கள் மென்பொருள் பாதிக்கப்பட்டிருக்கிறதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தது. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. அவருடைய மென்பொருளில் லாக்4ஜே இல்லவும் இல்லை. கூலி கொடுக்காத வேலைக்கு மேஸ்திரி அதிகாரம் செய்வது என்பது இதுதான். பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன் என்று அவர் பதில் எழுதினார். முறையான பதில்.

உரிமமே இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறதே, கொடுத்தவர் விரும்பித்தானே கொடுத்தார், இதில் கடமை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். உரிமம் சட்டம் பேசுகிறது. அதன் நிபந்தனைப்படி எடுத்துக்கொண்டவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. நன்றியைச் சட்டத்தில் எழுத முடியாது. எழுதாததால் அது இல்லை என்றாகிவிடாது. எல்லோருக்கும் ஒரே கடமை என்றும் நாம் சொல்ல மாட்டோம். உளுந்தூர்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் பழைய கணினியில் உபுண்டு போட்டு, லிப்ரே ஆஃபிஸில் விண்ணப்பம் தட்டிக் கொடுத்தால் அவர் யாருக்கும் கடன்பட்டவரில்லை. அரசுப் பள்ளி மாணவர் கடன்பட்டவரில்லை. அவர்களுக்காகவே இது இலவசமாக வைக்கப்பட்டது. ஆயக்கட்டில் நூறு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கும் வரப்போரம் நாலு கீரைப் பாத்தி போட்டிருக்கிறவருக்கும் மராமத்துப் பங்கு ஒன்றாக இருந்ததில்லை. ஆண்டுக்கு ஆயிரம் கோடி லாபம் பார்த்து, அதன் அடித்தளம் முழுவதும் பிறர் எழுதிக் கொடுத்தது என்று தெரிந்தும் கையை விரிக்கிறவரைத்தான் நாம் குற்றம் சாட்டுகிறோம்.

உரிமம் கேட்கிற சின்ன நிபந்தனையையும் மதிக்காதவர்கள் இருக்கிறார்கள். மாற்றி வெளியிட்டால் மாற்றத்தையும் பொதுவில் வை என்பது குனு பொது உரிமத்தின் விதி. பிரான்சின் பெரும் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச், ஒரு சிறு கூட்டுறவு நிறுவனம் எழுதிய மென்பொருளை இந்த விதியை மீறிப் பயன்படுத்தியதற்காகப் பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 8 லட்சம் யூரோ அளவுக்குக் கொடுக்கும்படி ஆனது. அதில் 1,50,000 யூரோ எழுதியவர்களின் மனத்துக்கு ஏற்பட்ட காயத்துக்காக. நிரல் எழுதுகிறவருக்கும் மனம் என்று ஒன்று இருப்பதை அந்த நீதிமன்றம் ஏற்றது.

திறமூலத்தில் வளர்ந்த நிறுவனங்களே மதகைச் சாத்துவது இன்னொரு கொடுமை. எலாஸ்டிக் 2021-இல், ஹாஷிகார்ப் 2023-இல், ரெடிஸ் 2024-இல் தங்கள் உரிமத்தை மாற்றி இறுக்கின. பெரிய கிளவுட் நிறுவனங்கள் எங்கள் உழைப்பை எடுத்து விற்கின்றன என்று அவர்கள் சொன்ன குறையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மென்பொருள்களில் வெளியாட்கள் எத்தனையோ பேரின் உழைப்பும் கலந்திருந்ததே. பொது ஏரி என்று நம்பி மண் சுமந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலி போட்டது நியாயமில்லை. எலாஸ்டிக்கும் ரெடிஸும் பிற்பாடு திறமூல உரிமத்தையும் மீண்டும் வழங்கின என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகளின் கதை இது. வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து வரும் பேருந்துகளில் உளுந்தூர்பேட்டையில் இறங்குகிறவர்கள் முதுகில் மடிக்கணினிப் பையைப் பாருங்கள். திருச்சிச் சாலையும் சேலம் சாலையும் பிரிகிற இந்த ஊரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலைக்கு வேலைக்குப் போகாத தெரு இல்லை. மூலநிரலைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் நிரலாளர் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. இவ்வளவு கைகள் இருந்தும் உலகத்தின் முக்கியமான திறமூலத் திட்டங்களை முன்னின்று நடத்துகிறவர்களில் இந்தியாவில் இருப்பவர்கள் மிகக் குறைவு. அறிவுக் குறைவு காரணமில்லை. கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் மாணவரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: திறமூலத்தில் என்ன பங்களித்திருக்கிறாய், கிட்ஹப் முகவரியைக் காட்டு. பையனோ பெண்ணோ இரவெல்லாம் விழித்து நாலு திருத்தம் அனுப்பி வைத்திருந்தால் அது தகுதி. வேலை கிடைத்த அன்று கையெழுத்துக்கு நீட்டப்படும் ஒப்பந்தத்தில் வேறொரு வரி இருக்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் நீ எழுதும் நிரல் எல்லாம், சில இடங்களில் அலுவலக நேரத்துக்கு வெளியே உன் சொந்தக் கணினியில் எழுதுவதும், நிறுவனத்துக்குச் சொந்தம்; முன் அனுமதி இல்லாமல் எதையும் வெளியில் கொடுக்கக் கூடாது. அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் சட்டப் பிரிவுக்குப் போகும், அங்கேயே கிடக்கும். எந்தத் தகுதிக்காக வேலை கொடுத்தார்களோ அந்தத் தகுதியை அன்றோடு பூட்டிவிடுகிறார்கள். இந்தத் தலையங்கத்தில் நாம் குறிப்பிடும் தவறுகளில் மிக மோசமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். பணம் கொடுக்காதது கஞ்சத்தனம். கொடுக்க ஆசைப்படும் கையைத் தடுப்பது அநியாயம்.

நிறுவன ஊழியர் ஒருவர் அலுவலக வேலையில் ஒரு திறமூல மென்பொருளில் பிழை கண்டுபிடித்துத் திருத்துகிறார் என்று வையுங்கள். அந்தத் திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பினால் உலகத்துக்கே பயன். நிறுவனத்துக்கும் அடுத்த பதிப்பில் மறுபடி திருத்தும் வேலை மிச்சம். அனுப்பவிடாமல் உள்ளேயே வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதே ஒட்டுவேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இதில் வியாபார ரகசியமும் இல்லை, லாபமும் இல்லை. பழக்கம் மட்டும்தான் இருக்கிறது.

நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூருவின் செரோதா நிறுவனம் பங்குச் சந்தைத் தரகு செய்வது. தங்கள் தொழில்நுட்பம் திறமூலத்தின்மேல் எழுந்தது என்று அதன் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் வெளிப்படையாகச் சொல்லி வருகிறார். 2024 அக்டோபரில் அந்த நிறுவனம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வீதம் உலகெங்குமுள்ள திறமூலத் திட்டங்களுக்குக் கொடுக்க ஒரு நிதியை அறிவித்தது. ஒரு திட்டத்துக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை. அதன் லாபத்தில் இது சிறு பகுதிதான். ஆனாலும் முதலில் கையை நீட்டியவர் என்ற மரியாதை அவர்களுக்கு உரியது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, நிர்வாக மென்பொருளை முழுவதும் திறமூலமாகவே எழுதித் தொழில் நடத்துகிறது. சென்னை ஐஐடியில் உருவான சக்தி நுண்செயலியின் வடிவமைப்பு, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த தரத்தின்மேல் எழுந்து, தானும் திறந்தே வைக்கப்பட்டது. பிறர் கொடுத்ததன்மேல் கட்டினோம், நாங்களும் கொடுக்கிறோம் என்று மறைக்காமல் சொல்வது இவர்கள் மூவருக்கும் பொது. அந்தப் பழக்கம், வெளிநாட்டுத் திறமூல நிரலை எடுத்துப் பெயரையும் நிறத்தையும் மாற்றி உள்நாட்டுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்பவர்களுக்கு வர வேண்டும். எடுத்ததை எடுத்தோம் என்று சொல்வதில் சுதேசி மானம் போய்விடாது.

அரசும் இதில் கட்சிக்காரர்தான். உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்த காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறி நாட்டுக்கே வழி காட்டியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மத்திய அரசின் சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2015-இல் மத்திய அரசு திறமூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. ஜெர்மனி 2022-இல் திறமூல அடித்தளங்களைப் பராமரிப்பதற்கென்றே அரசுப் பணத்தில் ஒரு நிதியை ஏற்படுத்தியது. நாமும் அந்த இடத்துக்குப் போக வேண்டும். அரசு மென்பொருள் டெண்டர் எடுக்கும் நிறுவனம், தான் பயன்படுத்தும் திறமூலத் திட்டங்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை அவற்றின் பராமரிப்புக்குச் செலவிட வேண்டும். இந்த நிபந்தனையைச் சேர்க்கத் தனிச் சட்டம் தேவையில்லை.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. திறமூல மென்பொருள் பராமரிப்பு பெயர் சொல்லி அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரை நாம் கேட்டுக்கொள்கிறோம். உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க 2023-இல் ஒப்பந்தம் ஆனபோது, எவ்வளவு நிலம், எவ்வளவு தண்ணீர், நம் பெண்களுக்கு எத்தனை வேலை என்று டீக்கடையிலும் சட்டமன்றத்திலும் கேட்க நமக்கு உரிமை இருந்தது. பொதுச் சொத்தை எடுத்துத் தொழில் செய்யும் எவரையும் கேட்க அதே உரிமை இருக்கிறது. மூலநிரல் கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பதால் அந்த உரிமை இல்லாமல் போகாது.

கையில் காசில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நிறுவனங்கள் விழுப்புரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். 2019 வரை நமக்கும் அதுதான் மாவட்டத் தலைநகர். அங்கே 2013-இலிருந்து இயங்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் கணினியும் நிரலும் சொல்லிக்கொடுக்கிறது. சொல்லிக்கொடுக்கிறவர்களில் பலர் வாரம் முழுவதும் மென்பொருள் நிறுவனத்தில் உழைத்துவிட்டு, விடுமுறை நாளை இதற்குக் கொடுப்பவர்கள். 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், எளிய தமிழில் தொழில்நுட்பம் எழுதி, அதைப் பகிர்ந்துகொள்ளும் உரிமையோடு வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் திக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கைத்தாங்கல் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இந்தக் குழுக்களில் பயின்று வந்த பிள்ளைகளை நிறுவனங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. பயிற்சிச் செலவு அவர்களுக்கு மிச்சமாகிறது. ஒரு அறை வாடகை, பத்துப் பழைய கணினி, ஊழியர் ஒருவருக்கு வாரத்தில் அரை நாள் விடுப்பு: இவ்வளவு கொடுத்தாலே இந்தக் குழுக்களுக்குப் பெரிய பலம். கேட்டுப் பெற வேண்டிய நிலையில் அவர்களை வைத்திருப்பது முறையல்ல.

நிறுவனங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை நீளமானதில்லை. பணி ஒப்பந்தத்தில் ஊழியரின் சொந்த நேரத்தைக் கட்டும் வரியை எடுத்துவிடுங்கள். திருத்தங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்ப ஊழியருக்குப் பொது அனுமதி கொடுங்கள். எந்தத் திட்டம் நின்றால் உங்கள் தொழில் நிற்குமோ, அதைப் பராமரிக்கிறவர் யார் என்று கண்டுபிடித்து அவருக்கு மாதாமாதம் பணம் அனுப்புங்கள். இவற்றைச் செய்யாத நிறுவனம், எவ்வளவு உயரமான கட்டடத்தில் இருந்தாலும், மராமத்துக்கு ஆள் அனுப்பாமல் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் மிராசுதாரர்தான்.

இந்த ஆண்டு வளாக நேர்காணலுக்குப் போகும் நம் வட்டார மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசியில், உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்பார்கள். சம்பளத்தைக் கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் சொந்த நேரத்தில் திறமூலத்துக்கு எழுத உங்கள் ஒப்பந்தம் விடுமா? நீங்கள் பயன்படுத்தும் திறமூலத் திட்டங்களில் எதற்கு நீங்கள் பணமோ ஆளோ கொடுக்கிறீர்கள்? அவர்கள் சொல்லும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரை மறைத்து, நிறுவனத்தின் விளக்கத்தையும் கேட்டுச் சேர்த்து, பெயரோடு வெளியிடுகிறோம்.